கீழே காண்க

அவர் பத்திரிகையை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பக்கம் என்று புரட்டினார். அதில்தான் மாட்டிக்கொண்டார்.

முதல் பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். இரங்கல் செய்திகளுக்கு இரண்டு நிமிஷம். பக்கம் முழுக்க ஒரே ஒரு மெத்தையும், அதன்மேல் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் மட்டுமே இருந்த விளம்பரத்துக்கும் அதே இரண்டு நிமிஷம். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று மனைவி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மெத்தையை இரண்டு நிமிஷம் படிக்கிற மனிதர் உலகத்தில் கிடையாது. ரொம்ப நாளாக இருந்த சந்தேகம் அன்றைக்கு உறுதியாயிற்று. அச்செழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

எதிலும் அளவு பிசகாத மனிதர். எடையளவு இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவதும், முத்திரை இல்லாத தராசைப் பறித்துக்கொண்டு போவதும் அவர் உத்தியோகம். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கால் கிராம்’. “கால் கிராம் வர்றாரு!” என்று கடைத்தெருவின் ஒரு கோடியில் குரல் கேட்டால், மறுகோடியில் தராசுத் தட்டைத் துடைக்கிற சத்தம் கேட்கும். பொய் எடையைக் கண்டால் கொதித்துப்போகிற அந்த மனிதர்தான் தன் வீட்டு நாற்காலியிலேயே ஒரு பொய்யை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் ஒழுங்காக, பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்று அளந்து செய்தார்.

கண் டாக்டர் பதினாலு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம். இடது கண் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வலது கண் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. “போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். காலையில சாயங்காலத்துல சொட்டு மருந்து, கூடிய சீக்கிரம் ஒரு ஆபரேஷன்.” அவர் டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த அவர் மனைவியின் வீட்டு அலமாரியில், ஒரு சொட்டு மருந்துக் குப்பி மூடி திறக்காமலேயே காலாவதி ஆயிற்று.

காபியை டம்ளரில் ஊற்றும்போது விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டார். ஒருநாள் தெருவைக் கடக்கையில் இடது பக்கம் வந்த வேன் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. வேன்காரனைத்தான் திட்டினார். மனைவி ஒரே ஒரு தடவை, “பேப்பரை நான் வேணும்னா படிக்கட்டுமாங்க?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“ஏன், எனக்கென்ன கண்ணு போயிடுச்சா?”

அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்கிற தைரியம் அவளுக்கு இல்லை. ஒவ்வொரு மாதமும் அந்த வலது கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு மருந்துக்கடைப் புத்தியால் தெரியும். அவரை டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்த என்ன வழி என்பதுதான் தெரியவில்லை. கடவுளிடம் தினமும் கேட்டாள். கடவுள் அவசரப்படவில்லை.

நூலகச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தது அந்த மாதத்தில்தான். பார்வையற்றோருக்கு, வியாழன்தோறும் வரும் ஊர்ப் பத்திரிகையை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பும் சேவைக்குத் தொண்டர்கள் தேவை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

இப்படியாக, வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்ட முடியாத பத்திரிகையை, பதினோரு நிறுத்தம் பஸ்ஸில் போய், முகம் தெரியாத நாற்பத்து மூன்று பேருக்கு அவள் படித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

நூலகத்தின் பின்கட்டில், ஒருகாலத்தில் கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய கம்பளிப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பதிவு நடக்கும்போது மின்விசிறி போடக்கூடாது. மேஜைமேல் இரண்டு மைக். மூலையில் நாற்பத்து மூன்று துணிப்பைகள். உள்ளங்கை அளவு, ஒவ்வொன்றிலும் ஒரு பென் டிரைவ். பையின் வாயில் ஒரு விலாச அட்டை. ஒரு பக்கம் நேயரின் விலாசம், மறுபக்கம் நூலகத்தின் விலாசம். கேட்டு முடித்ததும் நேயர் அட்டையைத் திருப்பிச் செருகித் தபால்பெட்டியில் போட்டுவிடுவார். பார்வையற்றோர் தபாலுக்குக் கட்டணம் கிடையாது.

இதையெல்லாம் நடத்தியவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வயதில் பார்வை போய், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவர். ஊரில் பாதிப் பேரைக் குரலை வைத்துச் சொல்லிவிடுவார். மீதிப் பேரைச் செருப்புச் சத்தத்தை வைத்து. முதல் நாள் அவளை ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நல்லா படிக்கறீங்கம்மா. ஆனா ஏதோ மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடணும், பின்னால போடணும்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“இருபத்தாறு வருஷம் அதைத்தாண்ணே சொன்னேன்.”

“பரவால்ல. செய்தியையும் ஜனங்க சாப்பிட்டுட்டுத்தான் கேக்கறாங்க.”

அவளோடு வாசிக்க இருந்தவர் ஒரு தையல்காரர். விளையாட்டுச் செய்திகள் அவர் பொறுப்பு. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசிப் பழகியவர், ஊசி இல்லாதபோதும் வாயைத் திறப்பதில் சிக்கனம் காட்டினார். “அக்கா, நான் படிச்சா ரெண்டு கட்சியும் தோத்த மாதிரி இருக்குன்னு நேயர்கள் சொல்றாங்க,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அவள் ஆபரேட்டரிடம் ஒரு பிரதியும், பெரிய பொத்தான்கள் வைத்த ஒரு பிளேயரும் கேட்டாள். வீட்டில் கேட்டுப் பார்த்துத் தன் தவறுகளைத் திருத்திக்கொள்ள என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைத்தாள்.

“இது என்ன?”

“நாங்க பதிவு பண்றதுங்க. இதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேணுமாம். சரிபார்ப்பவர்னு ஒரு பதவி. காலியா கிடக்கு. உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்னாங்க.”

“அனுப்பறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“அனுப்பின பிறகு.”

“அனுப்பின பிறகு சரிபார்க்கறதா? இதென்ன கூத்து?”

“அடுத்த வாரம் திருத்திக்கலாம்ல.”

அப்படி ஒரு பதவி உலகத்திலேயே கிடையாது. பொய்தான். அன்றைக்கே கடவுள் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்டபிறகு பொய்யை நிறுத்தவேண்டும் என்பது மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை அவர் குளித்து, சட்டை போட்டு, நாற்காலியை மேஜைக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மடியில் பத்திரிகை இருந்தது. அச்சில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? பிளேயரில் மனைவியின் குரல் வந்தது. எதிரே மனைவி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். உத்தியோகத்தில் இருந்தபோதும் அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தாதான் எழுதுவார். ஆகவே இதிலும் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வர வழியில்லை.

“எழுதிக்கோ. குறை எண் ஒண்ணு. பக்கம் திருப்பற சத்தம், யாரோ முறத்துல புடைக்கற மாதிரி இருக்கு. குறை எண் ரெண்டு. அந்த விளையாட்டுக்காரர் வாக்கியத்தோட கடைசி வார்த்தையை முழுங்கிடறாரு. யார் ஜெயிச்சாங்கங்கறது கடைசி வார்த்தையிலதான் இருக்கும். மூணு…”

முதல் வாரம் இருபத்தொரு குறைகள். ஏழாவது குறையில் அவர் குரல் உயர்ந்தது.

“படத்தில் இடமிருந்து வலமாகன்னு சொல்லி நாலு பேரோட பேரைப் படிக்கறே. என்ன படம் அது? நிக்கறாங்களா, உக்காந்திருக்காங்களா? ரிப்பன் வெட்டறாங்களா, சண்டை போடறாங்களா? நாலு பேரை வரிசையா நிறுத்திட்டு நீ பாட்டுக்குப் போயிட்டா எப்படி?”

எழுதிக்கொண்டாள்.

“பன்னிரண்டு. பஸ் நேரம் மாறியிருக்கு, விவரம் கீழே காண்கன்னு படிச்சுட்டு அடுத்த செய்திக்குப் போயிட்டே. கீழே காண்கன்னா, கேக்கறவன் எங்கே குனிவான்?”

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நோட்டை முகத்துக்கு உயர்த்திக்கொண்டாள். பிறகுதான், உயர்த்தியிருக்கத் தேவையில்லை என்பது உறைத்து, சிரிப்பு அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்தக் குறைகளை ஆபரேட்டருக்குப் படித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அந்த வாரத்திலிருந்து படங்களை விவரித்தார்கள். பஸ் நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பக்கங்களைத் தனித்தனித் தாளாகப் பிரித்துத் துணிமேல் வைத்துக்கொண்டார்கள். தையல்காரர் வாயைத் திறந்தார். திரும்பி வந்த துணிப்பைகளில் நேயர்கள் யாரையாவது எழுதச் சொல்லிச் சின்னச் சின்னக் கடிதங்களை வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். பத்து வருஷமாக ஊர்த் தலைவருக்கு வழுக்கை என்பதே தனக்குத் தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். எட்டு மணி பஸ் எட்டேகாலுக்கு மாறியது தெரிந்ததால் இந்த வாரம் காத்துக்கொண்டு நிற்கவில்லை என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்.

வீட்டிலும் மாற்றம் இருந்தது. வியாழக்கிழமை வந்தாலே கால் கிராமுக்கு ஒரு சுறுசுறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில், தானே படித்ததுபோல் ஊர்ச் செய்திகளைப் பற்றி மனைவியோடு வாதம் செய்தார். அவளும் தான் வாசித்த செய்தியையே அவர் வாயால் புதிதாகக் கேட்டு, “அப்படியா!” என்றாள். இப்படியே ஆறு மாதம் போயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு வெகு சந்தோஷமாக இருந்தார்கள். வலது கண் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒருநாள் அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அந்த நிலை முப்பது வருஷமாக அதே இடத்தில்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பதிவு முடிந்து, தையல்காரர் போனபிறகு, ஆபரேட்டர் துணிப்பைகளில் அட்டைகளைச் செருகிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்குப் பார்வை போய் எத்தனை நாளாச்சு?”

அவள் கையிலிருந்த பைகள் நழுவின.

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“அவரேதான் சொன்னாரு. வாரா வாரம் இருபது குறை சொல்றாரே. கண்ணு தெரியறவன் படத்தைப் பார்த்துட்டுப் போயிட்டே இருப்பான்மா. படத்துல என்ன இருக்குன்னு அவனுக்கு எதுக்குக் கோபம் வருது? முதல் நோட்டுலயே தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்.”

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் சொன்னது, சண்டை, காலாவதியான குப்பி, வேன், கதவு நிலை. “இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே. ஒரு கண்ணுல கொஞ்சமே கொஞ்சம். அதுவும் போயிடறதுக்குள்ள அவர் டாக்டர்கிட்ட போகணும். நான் சொன்னா கேக்க மாட்டாரு. எனக்கென்ன கண்ணு போயிடுச்சாங்கறாரு.”

ஆபரேட்டர் கையிலிருந்த அட்டையைச் செருகி முடித்தார். பிறகு, “விதின்னா மதிப்பாரோ?” என்று கேட்டார்.

“விதிக்காகச் சொந்த மச்சான் கடைத் தராசையே தூக்கிட்டுப் போனவரு.”

“சரி. ஒரு வாரம் பொறுங்க.”

வருஷத்துக்கு ஒருமுறை சேவையின் விதிகளைப் பதிவின் தொடக்கத்தில் வாசிப்பது வழக்கம். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஆபரேட்டர் அடுத்த வாரமே வாசித்துவிட்டார். சனிக்கிழமை கால் கிராம் சட்டை போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்தியதும், மனைவியின் குரலுக்குப் பதில் ஆபரேட்டரின் குரல் வந்தது. விதி நான்கு: இந்த ஒலிப்பதிவு, பார்வைக் குறைபாடு உண்டு என்று கண் மருத்துவரிடம் சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டுமே வழங்கப்படும். சான்றிதழ் இல்லாத எவருக்கும், எக்காரணம் கொண்டும், வழங்கக்கூடாது.

அன்றைக்கு அவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பதிவு முடிவதற்கு முன்பே நிறுத்தினார்.

“சரிபார்ப்பவர்ங்கற பதவி எந்த விதியில வருது?”

மனைவி பேனாவை மூடினாள். இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

“எந்த விதியிலயும் இல்லைங்க. நான்தான் சொன்னேன்.”

“அப்ப ஆறு மாசமா சான்றிதழ் இல்லாம நான் இதைக் கேட்டிருக்கேன்.”

“…ஆமாங்க.”

“முறைகேடு,” என்றார். பிளேயரின் வயரைச் சுருட்டி, பென் டிரைவை அதன்மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். “திருப்பிக் கொடுத்துடு.”

அதன்பின் வீட்டில் பேச்சே இல்லை. வியாழக்கிழமை வந்த பத்திரிகை மடிப்புக் கலையாமல் மேஜையில் கிடந்தது. பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்று நடித்த நடிப்பைக்கூட அவர் விட்டுவிட்டார். நாற்காலியில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய பொய் எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது வெள்ளிக்கிழமை நூலகத்துக்குப் போய் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா வேலை பார்த்தீங்கண்ணே. இருந்த ஒரு சந்தோஷமும் போச்சு. இப்ப டாக்டர்கிட்டயும் போகல, செய்தியும் கேக்கல.”

ஆபரேட்டர் முகம் சின்னதாகிவிட்டது. “ராங் நம்பர் போட்டுட்டேன் போலிருக்கும்மா,” என்றார். “எங்க நேயர்களுக்காக அவ்வளவு கோபப்பட்ட மனுஷன். அவரை ஒரு நேயரா சேர்த்துக்கலாம்னுதான் நினைச்சேன்.” அன்றைக்கு அவர் அட்டைகளைச் செருகும்போது இரண்டு அட்டைகள் தலைமாறிப் போயின. தையல்காரர் சத்தமில்லாமல் திருத்தி வைத்தார்.

நல்லது நேர்வாசல் வழியாக வந்து கதவைத் தட்டினால் நாம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம். அதனால்தானோ என்னவோ, ஆண்டவன் பாதி நேரம் நம் கெட்ட குணங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறான். மூன்றாவது வாரம் புதன்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, கால் கிராம் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“கண்ணுக்காக இல்ல. சான்றிதழுக்கு. ஆறு மாசம் நடந்த முறைகேட்டை முறைப்படுத்தணும். முன்தேதி போட்டுத் தருவாங்களான்னு கேக்கணும்.”

“கேளுங்க, கேளுங்க,” என்றாள். அடுப்படிக்குப் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள், அவர் காது கூர்மை.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நீளமாகப் பெஞ்சுகள். முதல் தடவை பார்த்த அதே டாக்டரம்மா. பெயரைப் பார்த்ததுமே நிமிர்ந்தார்.

“வாங்க இன்ஸ்பெக்டர் சார். போன தடவை நீங்க என்னைக் கேட்டுட்டுப் போன கேள்வியை நான் மறக்கல.”

அந்தச் சண்டை எதற்கு என்பது மனைவிக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கண்ணின் அழுத்தத்தை அளக்கிற கருவியைக் காட்டி, இதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தது, முத்திரை எங்கே என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. முத்திரையில்லாத அளவை ஒத்துக்கொள்ள முடியாது என்று எழுந்துவிட்டார்.

“நீங்க போனப்புறம் எனக்கும் உறுத்திச்சு சார். கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நீங்க சொன்னது சரி. மெஷின் தப்பாத்தான் காட்டிட்டிருந்தது.”

கால் கிராமின் முதுகு நிமிர்ந்தது. பதினாலு மாதம் கழித்து, அதன்மேல் ஆறு மாதமும் கழித்து, அவர் முகத்தில் உத்தியோகக் களை வந்தது. “நான் அப்பவே சொன்னேன்!”

“ரெண்டு புள்ளி குறைச்சுக் காட்டியிருக்கு. அதாவது, உங்க கண் அழுத்தம் நான் சொன்னதை விட அதிகம்.”

ஜெயித்த வழக்கில் தண்டனை தனக்கே வந்த மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப சரிபண்ணியாச்சு. பக்கத்துல சீட்டு ஒட்டியிருக்கு, தேதியோட. திருப்தியான்னு பார்த்துக்குங்க, அப்புறம் அளக்கறேன்.” டாக்டரம்மா கருவியை அவர் பக்கம் திருப்பினார். கேலி இல்லை; மரியாதையாகத்தான் செய்தார்.

அவர் குனிந்தார். மூக்கு கருவியைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். சரி, இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷத்தில், தன் கண்ணால் பார்க்காத ஒரு முத்திரையைப் பார்த்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

“எனக்குத் தெரியல,” என்றார். பிறகு, பின்னால் நின்ற மனைவி பக்கம் கையை நீட்டினார். “நீ படி.”

அவள் படித்தாள். கம்பெனியின் பெயர், தேதி, அடுத்த சோதனை எப்போது என்பது வரை, ஒரு எழுத்து விடாமல். குரல் மட்டும் கொஞ்சம் ஆடியது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அளந்தார்கள். சொட்டு விட்டு உட்காரவைத்து, மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா காகிதங்களை மூடினார்.

“சான்றிதழ் தர முடியாது சார்.”

“ஏன்?”

“இடது கண் போயிடுச்சு. ஆனா வலது கண் இன்னும் பார்க்குது. நடுவுல நல்லாவே இருக்கு. மேல புரை மூடியிருக்கறதால உங்களுக்கு எழுத்துத் தெரியல. புரையை எடுத்து, அழுத்தத்துக்கும் சேர்த்து ஆபரேஷன் பண்ணினா, இருக்கறது நிக்கும். பெரிய எழுத்தெல்லாம் படிக்கக்கூட படிக்கலாம். இன்னும் மூணு மாசம் கழிச்சு வந்திருந்தா தாராளமா சான்றிதழ் கொடுத்திருப்பேன்.”

“அப்ப நான் பெயிலா?”

“பாஸ் சார். அதனாலதான் சான்றிதழ் இல்ல.”

“விதிப்படியா?”

“விதிப்படி.”

ஆபரேஷனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி எழுதிக்கொடுத்தார்கள். மனைவி அந்தச் சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

சொட்டு விட்ட கண்ணுக்கு வெளிச்சம் கூசும், வெயில் தாழ்ந்ததும் போகலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்குமே கண்ணில் மருந்து. யாரும் யாரையும் பார்க்காமல், மூடிய கண்ணோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்ப எனக்கு அது வராது. இல்ல?” என்றார் கால் கிராம்.

“எதுங்க?”

“வெள்ளிக்கிழமைப் பதிவு.”

அவர் அதை ரொம்ப மெதுவாகக் கேட்டார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்த ஆசை வெளியே எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு வியாழக்கிழமைதானே. காலையில வந்த பேப்பர் இதுல இருக்கு.”

“இங்கேயா?”

“இங்கே யாரு உங்களைப் பார்க்கப் போறாங்க?”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து, அவள் பத்திரிகையை விரிக்க இடம் விட்டு உட்கார்ந்தார். “முதல் பக்கத்துலேருந்து,” என்றார்.

அவள் படித்தாள். குடிநீர்க் குழாய் மாற்றுகிற தெருக்களின் பட்டியல். பள்ளிக்கூடத்து மதில் இடிந்தது. ஒரு படம்: ஒல்லியாக ஒருவர், கையில் மாலை, யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நிற்கிறார். பெஞ்சில் அடுத்திருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே இந்தப் பக்கம் சாய்ந்தார். எதிர்ப் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

“எந்தத் தெருன்னு சொன்னீங்க, தண்ணி வராதது?” என்று ஒரு குரல் கேட்டது.

“நடுவுல பேசாதீங்க,” என்றார் கால் கிராம். “முடிச்சதும் திருப்பிப் படிக்கச் சொல்றேன்.”

அவள் அடுத்த பத்திக்குப் போனாள். அவர் மூடிய கண்ணோடு தலையை லேசாகச் சாய்த்து, நடைக்கூடத்தின் கடைசி வரைக்கும் காதை நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் முழங்கையைத் தொட்டார்.

“கொஞ்சம் சத்தமா படி. அந்தக் கோடியில ஒருத்தர் இருமிட்டிருந்தாரு, இருமலை அடக்கிட்டுக் கேக்கறாரு. அவருக்கு எட்டலை.”